பாரம் இறக்கும் கை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு பெர்னார்டின் வலது கை ஆட்காட்டி விரல், அவனைக் கேட்காமல், மேலே எழுந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பிக் குவளையின் காதைப் பிடித்திருந்த கையிலிருந்து அந்த ஒரு விரல் மட்டும் பிரிந்து, விடை தெரிந்த மாணவனைப் போல நிமிர்ந்து, காற்றில் ஒரு சின்ன வட்டம் சுற்றிவிட்டு, திரும்ப வந்து குவளையைப் பிடித்துக்கொண்டது. அதே நொடியில் உள்ளறையில் பெட்டி "டக்" என்றது. பெர்னார்ட் விரலைப் பார்த்தான். பிறகு கோப்பியைப் பார்த்தான். இரண்டில் கோப்பியைக் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது. அன்று அது மூன்றாவது குவளை. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினான்.

மார்சிலிங் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாம் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே கட்டிக்கொண்டிருந்த புது பிளாக்கின் சிமெண்ட் தூசும், கம்பி அறுக்கும் கிறீச்சும், சூடேறிய தகரத்தின் வாடையும் உள்ளே வரும். மூடினால் டெட்டாலும், முதுகுப் புண்ணுக்குத் தூவும் பவுடரும், இரண்டும் சேர்ந்தும் மறைக்க முடியாத வேறொரு இனித்த வாடையும் கூடத்தில் தேங்கி நிற்கும். திருஇருதயப் படத்தின் கீழே சிவப்பு பல்பு ஒன்று எரியும். உள்ளறையில் பெட்டியின் மேலே இன்னொரு சிவப்பு பல்பு எரியும். முதலாவதற்கு ஜெபம் போகும். இரண்டாவதிலிருந்து பதில் வரும்.

பதில் சொல்வது அண்ணன் சிலுவைராஜ். கப்பல் பட்டறையில் பதினேழு வருடம் பாரம் கட்டி ஏற்றி இறக்கியவர். பதினான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். கை, கால், நாக்கு எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கண் தெரியும், காது கேட்கும், அறிவு முழுசாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் கண்ணைக்கூடத் திருப்ப முடியாது. தலையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் பார்வை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அவருடைய மண்டையைத் திறந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை மூளையில் பதித்தார். கம்பிகள் இடது காதுக்கு மேலே ஒரு பிளக்காக வெளியே வந்தன. அங்கிருந்து ஆறடி வயர். வயரின் முடிவில் பிஸ்கட் டின் அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி. கையை அசைப்பதாக நினைத்தால் பெட்டி சத்தம் போடும் என்பது ஏற்பாடு. ஒரு டக் என்றால் ஆமாம். இரண்டு டக் என்றால் இல்லை.

முதல் இரண்டு வாரம் பெட்டி வாயே திறக்கவில்லை. "கையை மூடுவதாக நினைக்கச் சொல்லுங்கள்" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, பெர்னார்ட் தமிழில் சொல்ல, சிலுவைராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பெர்னார்டுக்கு அந்த யோசனை வந்தது. அண்ணன் பட்டறை ஆள். கிரேனுக்குக் காட்டும் சைகை தெரியும். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. தூக்குவதை ஆமாம் என்றும் இறக்குவதை இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாமே.

டாக்டர் மகிழ்ந்துபோனார். பெர்னார்ட் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அண்ணனின் கண்ணுக்கு நேரே கையைத் தூக்கி, ஒரு நாளைக்கு நாற்பது தடவை வீதம் ஆறு வாரம் சைகை காட்டினான். ஏழாவது வாரம் பெட்டி "டக்" என்றது. போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் டாக்டர் இருக்கிறார், பெட்டி இருக்கிறது, கையைத் தூக்கியபடி பெர்னார்ட் இருக்கிறான். சிலுவைராஜின் ஒரு காது இருக்கிறது.

அன்று மத்தியானம் அண்ணி உர்சுலா தொழிற்சாலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றாமலேயே சொன்னாள்.

"தம்பி, ஆபீசர் ஒத்துக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வர்றாரு."

"எந்த ஆபீசர் அண்ணி?"

"விபத்து விசாரணை ஆபீசர் லா. இவர் தப்புன்னு எழுதிட்டாங்கல்ல, இவரையே கேட்டுப் பாக்கட்டுமே. ஆமாம் இல்லைன்னு சொல்லத் தெரியுதில்ல இப்ப."

"அதெல்லாம் செல்லுமா? ஒரு பெட்டி டக்குன்னா..."

"டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னுட்டாரு." அவள் அவனை ஒரு தடவை ஏறிட்டாள். "உங்களுக்கு என்ன தம்பி, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்" என்றான் பெர்னார்ட். உள்ளே பெட்டி இரண்டு தடவை தட்டியது.

பெர்னார்ட் கொலை எதுவும் செய்யவில்லை. கையை ஆட்டினான், அவ்வளவுதான். பதினான்கு மாதத்துக்கு முன், விபத்து நடந்த அன்று, பட்டறையில் சைகைக்காரன் அவன். அண்ணன் கீழே குனிந்து மரக்கட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தார். நான்கு டன் இரும்புத் தகடு தலைக்கு மேலே தொங்கியது. பக்கத்துக் கப்பலின் மேல்தளத்திலிருந்து யாரோ, "பெர்னார்ட், சாயந்திரம் படத்துக்கு வர்றியா?" என்று கத்தினான். கீழே வந்து பேசு என்பதற்காக பெர்னார்ட் விரலைக் கீழே நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினான். கிரேன்காரருக்கு சினிமா தெரியாது. சைகைக்காரனின் விரல்தான் தெரியும்.

"தூக்கினா முழுக் கையையும் தூக்குடா. பாதிக் கை காட்டாதே, ஆள் செத்துப்போயிடுவான்" என்று அண்ணன் நூறு தடவை திட்டியிருக்கிறார். அன்று பெர்னார்ட் காட்டியது பாதிக் கைதான். போதுமானதாக இருந்தது.

தகடு வந்த வேகத்தில் காற்று கிளம்பியது. சிலுவைராஜ் நிமிர்ந்தார். தகட்டைப் பார்க்கவில்லை, பெர்னார்டின் விரலைப் பார்த்தார். பிறகு மூங்கில் பிளக்கும் சத்தம். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி பெர்னார்டின் காலடிக்கு உருண்டு வந்து கிண்ணம்போல நின்றது. கிண்ணம் காலியாக இல்லை. மேலே, பாதுகாப்பு வாரத்துக்காகக் கட்டிய பதாகை, எச்சரிக்கையாக இருக்கும்படி நான்கு மொழிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணன்தான் கீழேயிருந்து கை காட்டினார்" என்று பெர்னார்ட் விசாரணையில் சொன்னான். முழுக் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை அவனுக்கு மத்தியான ஷிப்ட். பாரம் கட்டும் முத்துசாமி தகட்டின் கீழே சங்கிலியைச் செருகிக்கொண்டிருந்தான். இருபது வருடப் பழக்கம், வாய் மட்டும் ஓயாது.

"கையைப் பைக்குள்ள வச்சுக்கடா பெர்னார்ட். நான் சொன்னப்புறம் காட்டு. உங்க அண்ணனுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு கட்டில் போட்டுடாதே லா."

"பேசாம வேலையைப் பாருங்கண்ணே."

"என் பொண்டாட்டி அந்தப் பெட்டியை வாங்கி வைக்கமாட்டா. நான் பேசாம இருக்கணும்னுதான் அவ..."

பெர்னார்டின் கை பைக்குள்தான் இருந்தது. அது வெளியே வந்தது. தோளிலிருந்து, முழங்கை வளையாமல், முழுதாக, அழகாக எழுந்தது. அவன் வாழ்நாளில் அத்தனை சுத்தமான சைகையைக் காட்டியதில்லை. விரல் மேலே நீண்டு சுற்றியது.

கிரேன் தூக்கியது. சங்கிலி இறுகியது. முத்துசாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குள் அவனுடைய கையுறை சங்கிலிக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. கையுறைக்குள் இரண்டு விரல் இருந்தது. இருபதடி உயரத்தில் அது தகட்டோடு சேர்ந்து மெதுவாகச் சுழன்றது. சூடான இரும்பின்மேல் சொட்டு விழும் ஒவ்வொரு முறையும் சீறியது.

ஃபோர்மன் அவனைப் பிடித்து உலுக்கினார். பெர்னார்ட் மணியைப் பார்த்தான். ஐந்து பத்து.

வீட்டுக்கு வந்தபோது உர்சுலா கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்க?"

"தலைவலி."

"இவருக்கும் என்னமோ தெரியலை தம்பி. அஞ்சு மணிக்கு பிலோமினம்மாள் அக்காவும் மத்தவங்களும் ஜெபமாலைக்கு வந்தாங்க. பாதியில தானா ஒரு தடவை டக்குன்னுச்சு. யாரும் ஒண்ணும் கேக்கலை. அக்கா அதை ஆமென்னு எடுத்துக்கிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு பத்து இருக்கும். ஏன்?"

பெர்னார்ட் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அன்று சாப்பிட்டது இடது கையால்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ரஷீதா வந்தாள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அவள்தான். வாரம் ஒரு முறை வந்து திருகிவிட்டுப் போவாள். பெட்டியில் கோளாறு எதுவுமில்லை என்றாள். வெள்ளிக்கிழமைக்குத் தயார் என்றாள்.

"மிஸ் ரஷீதா, ஒரு சந்தேகம். அவர் சரியா எதை நினைக்கும்போது இது அடிக்குது?"

"கையை."

"அவர் கையைத்தானே?"

ரஷீதா ஸ்குரூடிரைவரைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். "அவர் கையை நினைச்சப்போ ஒண்ணுமே வரலை மிஸ்டர் பெர்னார்ட். நீங்க எதிர்ல நின்னு காட்டினப்புறம்தான் சிக்னல் வந்துச்சு. ஆறு வாரம் அவர் பாத்தது உங்க கையை. தன் கை தூக்குதுன்னு நினைச்சிருக்கமாட்டார். அதோ அந்தக் கை தூக்குதுன்னு நினைச்சிருப்பார். டாக்டர்கிட்ட சொன்னேன். டக்குன்னு வந்தா போதும் லா, ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னார்."

"பிரச்சினை இல்லை" என்றான் பெர்னார்ட்.

"இந்த பிளக்கை மட்டும் யாரும் இழுத்துடாம பாத்துக்குங்க. மண்டைக்குள்ள இருக்கிறதெல்லாம் இதுலதான் தொங்குது."

அந்த ஒரு வாக்கியத்தை பெர்னார்ட் வெள்ளிக்கிழமைவரை பத்திரமாக வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உர்சுலா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இரண்டுக்குள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பன்னிரண்டே முக்காலுக்கு எதிர்க் கட்டடத்தில் சத்தம் அடங்கிவிட்டிருந்தது. சாப்பாட்டு நேரம். கிரேன்காரர் ஏணியில் இறங்கித் தகர வேலியின் நிழலில் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். மேலே கிரேனின் நீண்ட கை அசையாமல் நின்றது. அதன் கொக்கியில் கம்பிக்கட்டு ஒன்று தொங்கியது. அப்படித் தொங்கவிட்டுப் போகக்கூடாது. யாரோ சோம்பேறி. பெர்னார்ட் தொழில் பழக்கத்தில் முன்பே அளந்து வைத்திருந்தான்: அந்தக் கை இந்த ஜன்னலுக்கு நாற்பதடி குறையும். கீழே புல்வெளியில் இருக்கும் கால்பந்துக் கோல் கம்பம்வரைதான் எட்டும். அதனால்தான் பிள்ளைகளை அங்கே விளையாட விடுவதில்லை.

அவன் உள்ளறைக்குப் போனான். சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்திருந்தான். தலையணை மாத்தும்போது வயர் மாட்டிக்கிச்சு அண்ணி. நான் கவனிக்கலை. எளிமையான வாக்கியம். விசாரணையில் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

சிலுவைராஜின் தலை கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உர்சுலா கூரையைப் பார்க்கத்தான் வைத்துவிட்டுப் போனாள் என்பது பெர்னார்டுக்கு நினைவிருந்தது.

"அண்ணே" என்றான். "தலையணை மாத்துறேன்."

இரண்டு டக்.

வலது கையை நீட்டினான். பிளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. விரல் கீழே நீண்டு சுற்றியது. இழுத்துப் பார்த்தான். மறுபடி நீட்டினான். டக் டக். மறுபடி சுற்றியது. சரி என்று இடது கையால் பிளக்கைப் பற்றி இழுத்தான். உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. பழத்திலிருந்து கொட்டையை உருவும்போது வரும் மெல்லிய ஈரச் சத்தம். காதோரம் ரத்தம் ஒரு நூலாக இறங்கித் தலையணையில் பரவியது. பெட்டியின் விளக்கு மங்கியது.

அணையவில்லை.

வலது கை திரும்பி வந்து இடது மணிக்கட்டைப் பிடித்தது. தன் கை. தன் நகங்கள். தோலைத் தாண்டி உள்ளே போயின. பெர்னார்ட் கத்தினான். பிளக்கை விட்டான். வலது கையைக் கதவு நிலையில் திணித்து, காலால் கதவை உதைத்தான். ஒரு முறை. எலும்பு நொறுங்கியது. இரண்டாவது முறை. மூன்றாவது முறை கதவு முழுசாக மூடிக்கொண்டது, நடுவில் கை இருந்தும்.

திறந்தான். கை தோளிலிருந்து தொங்கியது. விரல்கள் நான்கு திசையில் இருந்தன. ரத்தம் தரையில் தட்டித் தட்டி விழுந்தது. அதைத் தவிர சத்தமில்லை. அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

டக்.

ஆட்காட்டி விரல் எழுந்தது. கணுவில் தோல் கிழிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அது நிமிர்ந்தது. சுற்றியது.

"அண்ணே, நான் சொல்லிடுறேன். மூணு மணிக்கு ஆபீசர் வர்றாரு. நான்தான் கை காட்டினேன்னு நானே சொல்லிடுறேன். போதுமா?"

பெட்டி யோசித்தது. அல்லது அண்ணன் யோசித்தார்.

"மன்னிச்சுடு அண்ணே. மன்னிப்பியா?"

டக். டக்.

அவன் ஓடினான். லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நிற்கும் லிஃப்ட்தான், காத்திருக்கப் பயம். படியில் இறங்கினான். ஆறடி வயர். ஆறடிதான். பெட்டியால் எவ்வளவு தூரம் வர முடியும். எட்டாம் மாடி. ஐந்து. மூன்று. கைப்பிடிச் சுவர் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே இறங்கினான். கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டினான். புல்லை மிதித்தான். பிளாக்கை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், மூச்சு வாங்க முடியாமல் நின்று, இடது கையால் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

வெயில். உச்சி வெயில். புல் சுட்ட வாசம். வேலிப் பக்கமிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம்.

மேலே, மிகத் தொலைவில், ஒரு ஜன்னலிலிருந்து, தெளிவாக: டக்.

வலது கை எழுந்தது. நொறுங்கிய கை. தோளிலிருந்து, முழங்கை வளையாமல், முழுதாக.

பெர்னார்ட் பிடித்திருந்தது கோல் கம்பம்.

விட்டுவிட்டு ஓடவேண்டும். இடது கை விடவில்லை. இழுத்தான். விரல்கள் கம்பத்தை இன்னும் இறுக்கின. இடது கையை யாரும் பழக்கவில்லை. ஆறு வாரம் தேவைப்பட்டது பெட்டிக்கு. இடது கையைப் பார்த்துப் பழக அண்ணனுக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

தலைக்கு மேலே இரும்பு முனகியது.

கிரேனின் கை திரும்பிக்கொண்டிருந்தது. கூண்டைப் பார்த்தான். கண்ணாடிக்குள் காலி நாற்காலி. வேலி நிழலில் கிரேன்காரர் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். கரண்டி வாய்க்குப் பாதியில் நின்றது. பிறகு அவர் எழுந்து என்னவோ கத்தினார், காதில் விழவில்லை.

புல்மேல் நிழல் வந்தது. மங்கலான, ஓரமில்லாத நிழல். அவன் காலடிக்கு வந்து நின்றது. பாரத்தின் நிழல் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். உயரத்தில் இருக்கும்போது கலங்கலாக இருக்கும். இறங்க இறங்க ஓரம் தெளியும்.

விரல் கீழே நீண்டது.

சுற்றியது.

டக் டக்.

டக் டக்.

ஓரம் தெளிந்தது. கம்பிக்கட்டில் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணலாம்போல இருந்தது. பெர்னார்ட் எண்ணத் தொடங்கினான். வேறு வேலை இல்லை. பன்னிரண்டு. பதிமூன்று. தலைமுடியில் இரும்பின் சூடு.

பதினேழு வருடத்தில் சிலுவைராஜ் ஒரு பாரத்தையும் தடாலென்று போட்டதில்லை. எப்போதும் மெதுவாகத்தான் இறக்குவார்.